முத்திரை விழுந்த தூண்டில்

வாசல் கேட்டில் பெரிய மீன் படம் போட்ட துணிப் பதாகை தொங்கிய அன்று, மூட்டை தூக்கும் நாங்கள் ஆளுக்கொரு பையோடு போய் நின்றோம். எங்கள் மேஸ்திரி கலஃப் பிளாஸ்டிக் தொட்டியே கொண்டுவந்திருந்தான். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. பதாகையில் மீன் இருக்கிறது. மீனின் வாயில் தூண்டில் முள் இருக்கிறது. கீழே எங்கள் தானியக் கிடங்குக் கழகத்தின் பெயர் இருக்கிறது. சலுகை விலைக்கு மீன் போடுகிறார்கள் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது? மீனுக்குக் கீழே என்னவோ நீளமாக எழுதியிருந்தது. மீன் படம் போட்ட இடத்தில் எழுத்தைப் படிக்கிறவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவன்.

கூட்டத்தைப் பார்த்து மேலதிகாரிகள் மகிழ்ந்துபோனார்கள். அலெக்சாந்திரியாவின் மேற்குத் துறைமுக தானியக் கிடங்குக் கழகத்தின் வரலாற்றில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு ஊழியர்கள் ஓடிவந்தது அதுதான் முதல் தடவை. பைகளைப் பார்த்து, குறிப்புத்தாள் வாங்கிப்போக வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். மீன் இல்லை என்று தெரிந்து நாங்கள் திரும்புவதற்குள் மண்டபத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மேடையில் டாக்டர் வக்தி. கழகத்தில் புதிதாகத் தொடங்கிய மின்னஞ்சல் விழிப்புணர்வுத் தலைமை மையத்தின் தலைமை இயக்குநர். டாக்டர் பட்டம் கோழித் தீவனத்தில் வாங்கியது.

"சகோதரர்களே! எதிரி இப்ப கப்பல்ல வர்றதில்ல. கம்ப்யூட்டர் வழியா வர்றான். தூண்டில் மடல்னு அதுக்குப் பேரு. பேங்க் எழுதற மாதிரி எழுதுவான், கழகம் எழுதற மாதிரி எழுதுவான், ஏன், நான் எழுதற மாதிரியேகூட எழுதுவான். நம்பி உங்க ரகசிய நம்பரைக் குடுத்தீங்க, சம்பளம் போச்சு. இந்த விஷயத்துல என்னைவிட அனுபவசாலி இந்தத் துறைமுகத்துலயே கிடையாது. நானே மூணு தடவை ஏமாந்திருக்கேன். மூணும் வேற வேற முறை!"

முன்வரிசை கைதட்டியது.

"அடையாளம் சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. அவசரப்படுத்துவான். மிரட்டுவான். கையெழுத்துப் போட மாட்டான். எழுத்துப்பிழை விடுவான். கடைசியா, இங்க அமுக்கு அங்க அமுக்குன்னு ஒரு இடத்தைக் காட்டுவான். இந்த அஞ்சும் இருந்தா அது தூண்டில்!"

கலஃப் தெற்கே மேல் எகிப்துக் கிராமத்துக்காரன். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாலே லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "நம்ம கழகத்து சுற்றறிக்கையைத்தானே சொல்றாரு?" என்று என்னிடம் கேட்டான்.

மேடைக்குக் கேட்டது. டாக்டர் வக்தி சிரித்தார். "நல்ல கேள்வி. கேள்வியெல்லாம் எழுத்துமூலம்."

அந்த மண்டபத்தில் அவர் சொன்னதை நிஜமாகவே மனதில் வைத்துக்கொண்டவன் ஒருவன்தான். பஸ்தவீசி.

பஸ்தவீசி எங்களில் ஒருவன். கப்பல் வயிற்றிலிருந்து கோதுமையைத் தோளில் ஏற்றி வயதானவன். ஒருநாள் பலகைப் பாலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு மூட்டையோடு உட்கார்ந்தான். மூட்டையை எடுத்துவிட்டோம், ஆளை எடுக்க முடியவில்லை. மருத்துவக் குழு படம் பிடித்துப் பார்த்தது. "இன்னொரு மூட்டை நீ தூக்கினா, அதுக்கப்புறம் உன்னைத்தான் நாலு பேர் தூக்கணும்" என்றார் அந்தக் குழுவின் டாக்டர். இலகு வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தார். அந்த உத்தரவு கழகத்தின் மாடிப்படிகளில் ஏறி இறங்கி வருவதற்குள் அவன் கைத்தடியோடு நடக்கப் பழகிவிட்டான். கடைசியில் லாரி எடை மேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். கோதுமைச் சாக்குக் கயிற்றால் கட்டிக்கொண்டான். மனைவி பழைய போர்வையை மடித்துத் தைத்து ஒரு மெத்தை அனுப்பினாள். அந்த நாற்காலி இருக்கும்வரைதான் பஸ்தவீசிக்கு இடுப்பு. இது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

நாற்காலியோடு ஒரு கம்ப்யூட்டரும், ஒரு மின்னஞ்சல் முகவரியும் அவன் தலையில் விழுந்தன. மூட்டைக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரு முகவரிதான். எங்களுக்கு வருவது அவனுக்கு வரும். அவன் லாரிக்கும் லாரிக்கும் நடுவே வெளியே வந்து சத்தம் போட்டு வாசிப்பான்.

கூட்டம் முடிந்த மறுவாரம் இலக்கு வந்தது. ஒவ்வொரு பிரிவும் மாதம் ஒரு தூண்டில் மடலாவது பிடித்துப் புகார் தரவேண்டும். தராத பிரிவுக்கு ஊக்கத்தொகை வெட்டு. இலக்கு வைத்தால்தான் விழிப்புணர்வு வளரும் என்று மையம் கருதியது.

ஆபத்து என்னவென்றால், மோசடிக்காரர்களுக்கு எங்கள் கழகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மாதம் பாதி ஆனது. ஒரு மடல் இல்லை. மாடியில் பதற்றம். கொள்முதல் பிரிவுக்கு எப்படியோ இரண்டு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பராமரிப்புப் பிரிவுத் தலைவர் ஒரு தட்டு பஸ்பூசா இனிப்போடு போய் ஒன்றைக் கேட்டார். கொடுக்கவில்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் சவூதியில் இருக்கும் மைத்துனனைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு மோசடி அனுப்புடா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். மைத்துனன் நல்லவன். பெருநாள் வாழ்த்து அனுப்பினான். அதையே புகாராகக் கொடுத்தார்கள்.

எடை மேடைக்கு மாதக் கடைசியில் வந்தது.

பஸ்தவீசி கைத்தடியைக்கூட மறந்துவிட்டு வெளியே வந்தான். "வந்துருச்சு!"

"எது?" என்றான் கலஃப்.

"தூண்டிலுய்யா! கேளு. 'அன்புள்ள ஊழியரே, சம்பளம் போடும் வங்கி மாறுகிறது. வியாழக்கிழமைக்குள் சம்பள அட்டை எண்ணையும் ரகசிய எண்ணையும் தயவுசெய்து கீழே அமுக்கிப் பதியவும். தவறினால் சம்பளம் நின்றுவிடும். நிர்வாகம்.' கையெழுத்து இல்ல. வங்கிங்கற வார்த்தையையே தப்பா எழுதியிருக்கான்."

"அதெல்லாம் விடு. அன்புள்ளன்னு இருக்கா? தயவுசெய்துன்னு இருக்கா? நம்ம நிர்வாகம் எந்தக் காலத்துல அப்படி எழுதிச்சு? நூத்துக்கு நூறு களவாணிதான்."

ஊக்கத்தொகை பிழைத்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். தேநீர் சொன்னோம்.

புகார் கொடுப்பது எப்படி என்று மையத்துக்கு போன் செய்தான் பஸ்தவீசி. மையத்தில் ஒரு பெண் பதில் சொன்னாள். "அப்படியே மையத்துக்குத் திருப்பி அனுப்பிறட்டுமாம்மா?" "ஐயையோ, அனுப்பாதீங்க. அனுப்பினா பரப்பின குத்தம்." "அப்ப போன்லயே வாசிச்சுக் காட்டட்டுமா?" "வாய்வழிப் புகார் செல்லாது. தாள்ல அச்செடுத்து நேர்ல கொண்டாங்க." எடை மேடையில் அச்சு இயந்திரம் இருந்தது. மை இல்லை. கேட்டுக்கு வெளியே நகல் கடையில் தன் காசில் அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறினான். எந்தப் படியில் எவ்வளவு நேரம் நின்றான் என்பதை அவன் இடுப்பு அறியும்.

ஏறிய பிறகுதான் தாள் வாங்கும் வரவுப் பிரிவு சொன்னது: முத்திரை இல்லாத தாளை வாங்குவதற்கில்லை.

அரசுச் சின்னமான கழுகு முத்திரை மதாம் இன்ஸாஃபிடம் இருந்தது. அதைத் துணியில் சுற்றி, துணியைப் பையில் வைத்து, பையை மேசை இழுப்பறையில் வைத்து, இழுப்பறையைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தாள். மேசைமேல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வாங்க."

"மதாம், இந்தப் படியை நாளைக்கும் ஏற என்னால ஆகாது. தயவு பண்ணுங்க."

கைத்தடியைப் பார்த்தாள். மனம் இளகிவிட்டது. அன்றைக்கு அவள் மனம் இளகாமல் இருந்திருந்தால் கழகம் தப்பித்திருக்கும்.

"எங்க குத்தணும்?"

"மதாம், ஒரு விஷயம். இது பொய்க் கடுதாசி. களவாணி எழுதினது. புகாருக்குக் கொண்டுவந்தேன். இதுலயே முத்திரை குத்தினா..."

"இதோ பாருங்க ஹாஜி. பொய்யா மெய்யான்னு பாக்கறது என் வேலை இல்ல. நான் முப்பது வருஷமா குத்தறேன், ஒண்ணையும் படிச்சதில்ல. படிக்க ஆரம்பிச்சா குத்த முடியுமா?"

கையெழுத்து இல்லாத கடிதத்துக்கு அடியில் வெற்றிடம் இருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு அங்கே ஓங்கிக் குத்தினாள். கழுகு நீலமாகச் சிறகு விரித்து உட்கார்ந்தது. அந்த இடத்துக்கென்றே பிறந்தது போல இருந்தது என்று பஸ்தவீசி பின்னால் சொன்னான். அவனுக்கே ஒரு நிமிஷம் அது உண்மைக் கடிதம்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டதாம்.

மையத்துக்குத் தாள் போனபோது டாக்டர் வக்தி அங்கே இல்லை. தூண்டில் மடல் பற்றிய மாநாட்டுக்காக ஷர்ம் எல்ஷேக் கடற்கரை விடுதிக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது வரும் தாளெல்லாம் நேராகக் கழகத் தலைவர் அறைக்குப் போவது வழக்கம்.

கழகத் தலைவர் பொறியாளர் இஸ்மத் பே; 'பே' மரியாதைக்குச் சேர்ப்பது. கையில் வரும் தாளின் மேல்பக்கத்தைப் பார்க்க மாட்டார். அடியில் கழுகு இருக்கிறதா என்று பார்ப்பார். கழுகு இருந்தது. சிவப்புப் பேனாவால் எழுதினார்: "ஆவன செய்க. மிக அவசரம்." கீழே ஒரு கையெழுத்து, அவருடைய கையெழுத்துகளிலேயே நீளமானது.

நிர்வாகப் பிரிவு ஆவன செய்தது. கடிதத்தில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறதோ அதுதானே ஆவன? சுற்றறிக்கை தயாரானது. எழுத்துப்பிழையைத் திருத்தினார்கள். அன்பையும் தயவையும் எடுத்துவிட்டார்கள். சம்பளம் நிற்கும் என்பதோடு ஒழுங்கு நடவடிக்கையும் சேர்த்தார்கள். கணினிப் பிரிவு, கடிதத்தில் அமுக்கச் சொன்ன இணைப்பைத் தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டி எல்லோருக்கும் அனுப்பியது. ஒரு எழுத்து தவறிவிட்டதால் இணைப்பு திறக்கவில்லை. தலைவர் அறையிலிருந்து கண்டனம் வந்தது. மறுபடி ஒப்பிட்டுப் பார்த்துச் சரியாக அனுப்பினார்கள்.

பஸ்தவீசி அதை இரண்டு தடவை வாசித்தான். தான் பிடித்துக் கொடுத்த திருடன் போலீஸ் உடுப்போடு திரும்பி வந்து கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்?

அதற்குள் டாக்டர் வக்தி கடற்கரை வெயிலில் முகம் கறுத்துத் திரும்பியிருந்தார். பதியத் தெரியாத ஊழியர்களுக்கு உதவ மையத்தின் சார்பில் கீழ்த்தளத்தில் ஒரு உதவி மேசை போட்டிருந்தார். வரிசை நின்றது. மையத்துப் பெண்கள் அட்டையை வாங்கி, எண்களைப் பதிந்து, "ரகசிய நம்பரை மெதுவாச் சொல்லுங்க, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கக் கூடாது, எச்சரிக்கையா இருக்கணும்" என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். சுவரில் அந்த மீன் பதாகை மாட்டியிருந்தது.

பஸ்தவீசி வரிசையைத் தாண்டிப் போனான். "பாஷா, இது நான் புகார் குடுத்த மடலு. தூண்டிலு."

டாக்டர் வக்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இருந்திருக்கலாம். வரும்போது என்ன குறை இருந்துச்சு? நீயே சொல்லு."

"கையெழுத்து இல்ல பாஷா."

"இப்ப தலைவர் கையெழுத்து இருக்கு. அடுத்து?"

"எழுத்துப்பிழை."

"திருத்தியாச்சு. அடுத்து? யார் அனுப்பினதுன்னு தெரியலை, அதானே? இப்ப நாமளே அனுப்பியிருக்கோம். நமக்கு நம்மளைத் தெரியாதா? ஒரு மோசடி மடலை எடுத்து, குறையெல்லாம் ஒண்ணொண்ணா நீக்கி, முறையான உத்தரவா ஆக்கியிருக்கோம். எந்த நாட்டுலயும் இது நடந்ததில்ல. அது சரி, மூட்டைக்காரங்க நம்பர் எல்லாம் நீதானே பதியணும்? ஏன் இன்னும் வரலை?"

அன்று மத்தியானம் எடை மேடைக்கு வெளியே பஸ்தவீசி எங்களை உட்காரவைத்துச் சொன்னான். ரொட்டியும் அவித்த அவரைப் பருப்பும் கையில் ஆறிக்கொண்டிருந்தன.

"உங்க நம்பரை நான் பதியணுமாம். பதியலைன்னா என்னை மறுபடி மூட்டைக்கு அனுப்பிருவோம்னு மேல சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சு அது களவாணி. இனிமே நீங்க சொல்லுங்க."

எல்லோரும் அவன் இடுப்பைப் பார்க்காமல் ரொட்டியைப் பார்த்தோம்.

கலஃப் வாயைத் துடைத்தான். "எங்கிட்ட ஒரே ஒரு ரகசியம்தான் இருக்கு, அந்த நம்பரு. பொண்டாட்டி கேட்டா, சொல்லலை. மாமனார் படுக்கையில கிடந்து கேட்டாரு, சொல்லலை. இந்தக் கோழித் தீவனத்துக்கா சொல்லப்போறேன்?"

"உன் நம்பர் பொழைச்சுக்கும்யா. நான்?"

"நீ பதியணும்னு முடிவு பண்ணினா சொல்லு. தர்றேன். வேற யாருக்கும் தரமாட்டேன், உனக்குத் தர்றேன்."

பஸ்தவீசி நெடுநேரம் கைத்தடியால் தரையில் சிந்திய கோதுமையைக் கூட்டிக்கொண்டிருந்தான். "வேண்டாம்" என்றான். பிறகு எழுந்து, மூன்று தவணையாக நிமிர்ந்து, உள்ளே போனான்.

பெருநாளுக்காகச் சம்பளம் முன்கூட்டியே போட்டார்கள். போட்ட அன்றே போனது. மாடி முழுக்க ஒரே நேரத்தில் கைபேசிகள் ஒலித்தன, ஒரே நேரத்தில் அடங்கின. கணக்குப் பிரிவில் அழுகைச் சத்தம் கேட்டது. இஸ்மத் பேயின் சம்பளமும் போயிருந்தது. அவர்தான் முதல் ஆளாகப் பதிந்து முன்மாதிரியாக இருந்தவர். கீழே நாங்கள் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்று சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டோம். அவ்வளவு படித்தவர்கள் முன்னால் எண்ணுவதற்குக் கூச்சமாக இருந்தது.

கழகம் விசாரணைக் குழு அமைத்தது. யார் திருடினார் என்பதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். யார் பொறுப்பு என்பதைக் குழு பார்க்கும். சட்டப் பிரிவின் வக்கீல் உஸ்தாஸ் ஹில்மி பஸ்தவீசியைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"களவாணி அனுப்பினது முத்திரை இல்லாத மடல். சரியா?"

"சரி உஸ்தாஸ்."

"முத்திரை இல்லாத மடலால யாருக்கும் தீங்கில்ல. அதுக்கு முத்திரை வாங்கி உள்ள கொண்டுவந்தது யாரு?"

"நான்தான். புகார் குடுக்க..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். முத்திரை குத்தின அம்மா படிக்கலை, அவங்க குற்றமில்ல. தலைவரும் படிக்கலை, அவர் குற்றமில்ல. இந்தக் கட்டடத்துலயே அதை முழுசாப் படிச்சவன் நீ ஒருத்தன். மோசடின்னு தெரிஞ்சும் இருந்தது உனக்கு. தெரிஞ்சே கொண்டுவந்திருக்கே."

"தெரிஞ்சதாலதானே கொண்டுவந்தேன் உஸ்தாஸ்!"

"ஒப்புக்கிட்டான்னு எழுதிக்க" என்றார் ஹில்மி, பக்கத்தில் எழுதுபவரிடம். பிறகு முன்னால் சாய்ந்தார். "உன் சம்பளம் போச்சா?"

"இல்ல."

"மூட்டைக்காரங்களோடது?"

"இல்ல."

"அதுதான் எனக்கு இடிக்குது. தலைவரே ஏமாந்திருக்காரு. நான் ஏமாந்திருக்கேன். விழிப்புணர்வு மையம் மொத்தமும் ஏமாந்திருக்கு. நீ மட்டும் ஏன்யா ஏமாறலை?"

இந்தக் கேள்விக்குப் பஸ்தவீசியிடம் பதில் இல்லை. பதில் இல்லாததும் எழுதப்பட்டது.

தீர்ப்பு வருவதற்கு முன் டாக்டர் வக்தி மறுபடி மண்டபத்தில் பேசினார். இந்தத் தடவை யாரும் பை கொண்டுவரவில்லை. நான்காவது தடவை ஏமாந்ததால் தன் அனுபவம் மேலும் ஆழமாகியிருப்பதாகச் சொன்னார். மறுபடி இப்படி நடக்காதபடி தான் எழுதிய புதிய விதியை வாசித்தார். "யாராவது ஒரு மடல் மேல சந்தேகம்னு புகார் சொல்லிட்டா, ஆய்வுக்குழு முடிவு சொல்ற வரைக்கும் அதை யாரும் நிறைவேத்தக் கூடாது. தலைவரே சொன்னாலும் கூடாது! சந்தேகத்துக்குரிய மடலுக்கு இனி முத்திரை கிடையாது." கைதட்டல் ஓய்ந்ததும் வரவுப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்தார். ஆய்வுக்குழு முத்திரை இல்லாத தாளைப் பரிசீலிக்குமா என்று கேட்டார். "முத்திரை இல்லாத தாளை எந்தக் குழுதான்யா பரிசீலிக்கும்?" என்று டாக்டர் வக்தி சிரித்தார். மண்டபமும் சிரித்தது.

மூன்றாவது வரிசையில் பஸ்தவீசி சிரிக்கவில்லை. அவன் எப்போதும்போல் மனதில் வைத்துக்கொண்டிருந்தான்.

பெருநாள் முடிந்த முதல் வேலைநாளில் உத்தரவு வந்தது. மின்னஞ்சலில்தான். நாங்கள் எல்லோரும் அவன் அறை வாசலில் கூடிவிட்டோம். அவன் வாசித்தான்.

"'எடை மேடை ஊழியர் பஸ்தவீசி உடனடியாக மூட்டைப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். நாளைக் காலைக்குள் சேராவிட்டால் சம்பளம் நிறுத்தப்படும். கீழே அமுக்கி உறுதி செய்க. நிர்வாகம்.'"

கலஃப் பல்லைக் கடித்தான். "உன் பங்கையும் சேத்து நான் தூக்கறேன். நீ சும்மா பக்கத்துல நில்லு."

"பாத்துட்டு இருப்பாங்களாய்யா? ஒரு வாரத்துல பிடிச்சிருவாங்க."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பஸ்தவீசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைத்தடியின் நுனியால் திரையைத் தொட்டான்.

"உடனடியாகன்னு இருக்கு."

"ஆமா, இருக்கு" என்றான் கலஃப்.

"அவசரப்படுத்தறான். சம்பளம் நிக்கும்னு மிரட்டறான். கையெழுத்து இல்ல. அமுக்கச் சொல்றான். மேடைங்கறதைப் பாரு, தப்பா எழுதியிருக்கான்." திரும்பி எங்களைப் பார்த்தான். முகத்தில் வேர்த்திருந்தது. "எனக்கு இது மேல சந்தேகமா இருக்குய்யா."

நகல் கடையில் அச்செடுத்து நான்தான் கொண்டுவந்தேன். மாடி ஏறும்போது கலஃப் அவனைக் கிட்டத்தட்ட மூட்டைபோலவே ஏற்றினான்.

மதாம் இன்ஸாஃப் அன்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சந்தேகத்துக்குரிய மடல் என்றதும் சங்கிலியைக் கையால் மூடிக்கொண்டாள். "மாட்டேன். புது விதி. செத்தாலும் மாட்டேன்." முத்திரை இல்லாமல் ஆய்வுக்குழு வாங்கவில்லை. ஆய்வுக்குழு முடிவு சொல்லாமல் உத்தரவை நிறைவேற்ற முடியாது. பஸ்தவீசி இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்த லாரியை மேடையில் ஏற்றச் சொன்னான்.

டாக்டர் வக்தி மூச்சு வாங்க வந்தார். "யோவ், இது நிஜமான உத்தரவுய்யா!"

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க, பாஷா."

"நானே எழுதினதுய்யா!"

"நீங்க எழுதற மாதிரியே எழுதுவான்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் அறைக்குப் போய், முந்தைய மடல் உண்மையானது என்று இன்னொரு மடல் அனுப்பினார். அவசரம் என்று தலைப்பு. பஸ்தவீசி அதன்மேலும் புகார் கொடுத்தான்.

செய்தி மாடிக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் தன் இடமாற்றத்தின்மேல் சந்தேகப்பட்டார். கொள்முதல் பிரிவு, தணிக்கை வரும் தேதியின்மேல் சந்தேகப்பட்டது. உஸ்தாஸ் ஹில்மிக்கு, பதினைந்து நாளில் அறிக்கை தரச்சொல்லி வந்த மடல் துளியும் பிடிக்கவில்லை. மாதம் ஒரு புகார் என்ற இலக்கை எல்லாப் பிரிவுகளும் காலைத் தேநீருக்குள் தாண்டின. சாதனைக்காக மையத்துக்குக் கேடயம் கிடைத்தது. கேடயம் வாங்க வரச்சொன்ன மடலின்மேல் மையமே சந்தேகப்பட்டுவிட்டதால் கேடயம் இன்னும் வரவில்லை. மேலே எந்த உத்தரவும் நகரவில்லை. கீழே கோதுமை வழக்கம்போல் நகர்ந்தது. கப்பலுக்கு மின்னஞ்சல் இல்லை, எங்கள் தோளுக்கும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் எடை மேடை அறை வாசலில் ஒரு பளபளப்பான காலணி வந்து நின்றது. இஸ்மத் பே. கழகத் தலைவர் எடை மேடைக்கு வந்ததை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. பஸ்தவீசி எழுந்திருக்க முயன்றான்.

"உக்காரு, உக்காரு." தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு நாற்காலி இல்லை. நின்றுகொண்டே கைபேசியை எடுத்து நீட்டினார். குரலைத் தாழ்த்தினார். "அமைச்சகத்துலேருந்து ஒண்ணு வந்திருக்கு. எனக்கு வயசு ஆயிருச்சாம். மாசக் கடைசியோட ஓய்வாம். நீ கொஞ்சம் பாரேன்."

பஸ்தவீசி கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் படித்தான். "உடனடியாகன்னு இருக்கு பே."

"இருக்குல்ல?" தலைவரின் முகம் மலர்ந்தது.

"தவறினால்னு ஒரு மிரட்டல் இருக்கு."

"ஆமா, ஆமா. எனக்கும் உறுத்திச்சு. ஆனா அமைச்சர் பேரு போட்டிருக்கே?"

"பேரு யாரு வேணாலும் போடலாம் பாஷா."

இஸ்மத் பே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக எங்கள் எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது நகல் கடை எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினோம்.

அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்த கலஃப் தோளில் சாக்குத் துணியைப் போட்டான்.

"மேல ஒருத்தன் எந்திரிக்க மாட்டேங்கறான். கீழ ஒருத்தனால எந்திரிக்க முடியலை. ரெண்டு பேரையும் ஒரே விதி காப்பாத்துது. அந்தக் கோழித் தீவனத்தைத் தப்பா பேசிட்டேன்யா."

பஸ்தவீசி நாற்காலிக் காலில் தளர்ந்திருந்த கயிற்றைக் குனியாமல், கைத்தடியால் எத்திப் பார்த்தான். நான் உட்கார்ந்து இறுக்கிக் கட்டினேன். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.